ஆறாம் மாச மெட்டி

ஆறாம் மாதம் பிறந்ததும் மோகனாவின் ரப்பர் பூட்ஸ் அவள் காலை உள்ளே விட மறுத்துவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். வயிறு குறுக்கே நின்றது. கொஞ்சம் அதிகமாகக் குனிந்தால் தொண்டைவரை புளித்துக்கொண்டு ஏறியது. கடைசியில் புருஷனுடைய பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு அடிக்கும் அது தளக் தளக் என்று சத்தம் போட்டது.

"என்னா மோகனா, புனிதன் லோரி எடுத்துக்கிட்டுப் போயிட்டான், அவன் பூட்ஸு மட்டும் வேலைக்கு வருதா?" என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா கேட்டாள்.

"காலு வீங்கிப் போச்சுக்கா."

"வீங்காம இருக்குமா? உள்ள ஒரு ஆளத் தூக்கிக்கிட்டு மல ஏறுற. வீங்கட்டும்லா, ஒனக்குக் குடுத்து வெச்சிருக்கு."

கம்போங் ராஜாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ் வீடுகள் இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் உண்டு. மற்ற லயத்து வீடுகளில் எல்லாம் வங்காளதேசத்திலிருந்து வந்த ஆண்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஆறாம் மாதத்தில் ஏன் பல் ஈறில் ரத்தம் வருகிறது என்று அவர்களிடம் போய்க் கேட்க முடியுமா? காளியம்மாவுக்கும் பிள்ளை கிடையாது. மோகனா கேட்பதற்கென்று இருந்தது மாமியார் மணியம்மா ஒருத்திதான்.

கேட்பதற்கு நிறைய இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் தொடக்கத்திலேயே கலைந்து போயிற்று. அதனால் இந்த நடுமாதங்கள் அவள் காலடி வைக்காத இடம். மூன்று மாதம் வாந்தி எடுத்தவளுக்கு நான்கில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் உடம்பு ஒவ்வொன்றாக வேறு ஆளுடையதாக மாறத் தொடங்கியது. தொப்புளிலிருந்து கீழே கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. கழுத்து கறுத்தது. மூக்கு ராத்திரி பகலாக அடைத்துக்கொண்டது. குறட்டை விட ஆரம்பித்தாள். "மலையில லோரி கியரு மாத்துற மாதிரியே இருக்குடி" என்று புனிதன் கேலி செய்தான். விடிகாலையில் கெண்டைக்கால் நரம்பு முறுக்கிப் பிடிக்கும். எழுந்தால் விரல்கள் மரத்துப் போய் டம்ளரைப் பிடிக்காது. பசி வேறு. காலையில் நெத்திலிச் சம்பலும் சோறும் தின்றுவிட்டுப் போனால், நாற்றுமேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வயிறு மறுபடி கூப்பிடும்.

நல்லதும் ஒன்று நடந்தது. ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கொதிக்கிற சோற்றுப்பானையின் மூடி மெல்லத் துள்ளுவது போல உள்ளே ஏதோ துள்ளியது. மோகனா டம்ளரை வைத்துவிட்டு அழுதாள். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மற்றதையெல்லாம் அவள் மாமியாரிடம் கேட்டாள்.

"அத்தே, கையி மரத்துப் போவுது."

"அப்படித்தான் இருக்கும்."

"இடுப்புல ஒரு பக்கமா இழுக்குது அத்தே."

"அப்படித்தான் இருக்கும். புள்ள எடம் பாக்குது."

"கிளினிக்கு நர்ஸு மிஸி சொல்றாங்க எனக்கு இனிப்பு நீராம். சோத்தக் கொறைக்கணுமாம். டின்னு பாலு ஊத்தின தேத்தண்ணி குடிக்கக் கூடாதாம்."

"ஒனக்கா இனிப்பு நீரு? இந்த வயசுலயா? மிஸிங்க எல்லாத்துக்கும் ஒரு பேரு வெப்பாங்க. மசக்கக்காரி வாயக் கட்டுனா புள்ளைக்கு என்னா கெடைக்கும்? குடிலா."

மணியம்மா பெற்றது ஒரே ஒரு பிள்ளை. ஆனால் பத்துப் பெற்றவளைப் போல் பதில் சொல்வாள். அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. மருமகள் பயந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பயந்தால்தான் பிள்ளை தங்காது என்று அவள் முழுசாக நம்பினாள்.

மணியம்மா இன்னமும் கொழுந்து வெட்டினாள். வாயில் தட்டு பொருத்திய பெரிய கத்திரியை இரண்டு கையாலும் பிடித்து, செடியின் தலையைச் சீவி, தட்டில் விழுந்த கொழுந்தை ஒரே வீச்சில் முதுகுக் கூடைக்குள் போடுகிற வேலை அது. ஐந்தாம் மாதம்வரை மோகனாவும் அந்த நிரையில்தான் நின்றாள். ஒரு நாள் அப்படி வீசியபோது உடம்பு கூடையோடு பின்னால் போயிற்று. செடியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். சரிவில் நிற்பதற்கென்று இத்தனை வருஷம் உடம்பு பழகி வைத்திருந்த கணக்கெல்லாம் வயிறு வந்ததும் தப்பாகிவிட்டது. கங்காணி குணாளன் பார்த்துவிட்டு, அன்றே அவளை நாற்றுமேட்டுக்கு மாற்றினான். பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் வேலை. உட்கார்ந்த வேலை என்று எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள். நாள் முழுக்க முக்காலியில் தொங்கிக்கொண்டிருந்த கால்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மழை மாதம் வேறு. காலையில் போட்ட சாக்ஸ் சாயங்காலம்வரை ஈரமாகவே இருந்தது.

அந்தக் கால்களில்தான் மெட்டி இருந்தது.

கல்யாணத்தில் புனிதன் போட்ட மெட்டி அல்ல இது. அது அடியில் பிளந்திருக்கும். கூட்டினால் கூடும், அகற்றினால் அகலும். முதல் வருஷமே சாக்ஸைக் கழற்றும்போது அதில் ஒன்று கழன்று தேயிலைச் செடிக்குள் எங்கோ விழுந்துவிட்டது. மணியம்மா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை லயமே நின்று பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முழங்காலில் தவழ்ந்து செடியடியைத் துழாவினாள். கிடைக்கவில்லை. அடுத்த வாரமே மருமகளை ஈப்போவுக்கு அழைத்துப் போய், பத்தரிடம் மூன்று சுற்றில் கெட்டியான வெள்ளி மெட்டி செய்யச் சொன்னாள். போட்டுப் பார்த்த பிறகு, விரலில் இருக்கும்போதே ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மெட்டியின் வாயைப் பற்றவைத்து மூடச் சொன்னாள். பத்தர் தயங்கினார். "கழட்ட முடியாம போயிரும்மா" என்றார்.

"கழட்ட முடியாமத்தான் வேணும்" என்றாள் மணியம்மா.

புனிதன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பவன். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் மலை இறங்குவான். கோலாலம்பூர் பாசாரில் இறக்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் காலி லோரியோடு ஏறுவான். அவன் கீழே போன ராத்திரிகளில் மோகனா அவனுடைய சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். டீசல் வாசனை. மசக்கையில் அவளுக்குப் பிடித்த வாசனை அது ஒன்றுதான்.

வலது கால் மெட்டிக்குக் கீழே முதலில் ஒரு சிவப்பு வளையம் தெரிந்தது. பிறகு விரல் மெட்டிக்கு மேலேயும் கீழேயும் பிதுங்கியது. மோகனா சவுக்காரம் போட்டுப் பார்த்தாள், நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தாள். கழற்றுவதற்கல்ல, கொஞ்சம் நகர்த்துவதற்குத்தான். நகரவில்லை.

"அத்தே, மெட்டி கடிக்குது."

மணியம்மா கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "காலு வீங்குனா கடிக்கத்தான் செய்யும். பெத்ததும் வத்திரும். மஞ்சப்பத்து போடு" என்றாள்.

மஞ்சள் போட்டாள். அதன்மேல் சாக்ஸைப் போட்டாள். அதன்மேல் புனிதனின் பூட்ஸைப் போட்டாள். கிளினிக்கில் சோதனைக்குப் போனபோது மிஸி நூருல் ஐன் முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கிப் பார்த்தாள். சாக்ஸைக் கழற்றச் சொன்னபோது, "குளிருது மிஸி" என்று மோகனா சொல்லிவிட்டாள். விரல் அப்போது நாற ஆரம்பித்திருந்தது. அந்த நாற்றத்தை இன்னொருத்தி முன்னால் திறந்து வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை என்னவென்று சொல்வது? தன் உடம்பு தன் கைக்கு அடங்காமல் போகிறபோது மனுஷருக்கு முதலில் வருவது வெட்கம்தான்.

அடுத்த வாரம் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது.

பொழுது விடிந்தும் அவள் எழவில்லை. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. மணியம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே ஓடினாள். குணாளன் தோட்டத்து ஹைலக்ஸ் வண்டியைக் கொண்டுவந்தான். மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. வழி நெடுக மோகனா வயிற்றில் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

"துள்ளுதா?" என்று மணியம்மா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"துள்ளுது அத்தே. ரொம்பத் துள்ளுது."

"துள்ளட்டும். துள்ளுனா நல்லதுதான்."

ஆனால் இந்த முறை அவள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை.

நூருல் ஐன் பல வருஷமாக அந்தக் கிளினிக்கில் இருப்பவள். தோட்டத்துப் பெண்களிடமிருந்து பொறுக்கிய தமிழும் மலாயும் கலந்து பேசுவாள். வயிற்றில் கருவியை வைத்தாள். குழந்தையின் இதயம் குதிரை ஓட்டமாகக் கேட்டது. அவள் முகம் மாறியது. பிறகு, எதையும் கேட்காமல், இரண்டு சாக்ஸையும் உரித்தாள்.

அறையில் நாற்றம் பரவியது. மணியம்மா அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தாள். மஞ்சளும் சீழும் சேர்ந்து அப்பியிருந்தது. மெட்டி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சதை அதை விழுங்கியிருந்தது. நுனி நீலம் பாரித்திருந்தது. இடது காலில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அங்கேயும் வளையம் சதைக்குள் இறங்கியிருந்தது.

"யா அல்லா. அக்கா, எத்தனை நாளா இது?"

மோகனா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நூருல் ஐன் வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். "அக்கா, கேளு. ஆம்புலன்ஸ் வருது. தானா ராத்தா ஆஸ்பத்திரி போகணும், ஊசி மருந்து ஏத்தணும். அதுக்கு மொதல்ல இந்தச் சிஞ்சின், மெட்டி, எடுக்கணும். ரெண்டும். இழுத்தா வராது, போத்தோங் பண்ணணும்." இரண்டு விரலால் கத்திரி போல வெட்டிக் காட்டினாள். "நான் பொம்பாவக் கூப்பிட்டாச்சு. அவங்ககிட்ட சின்ன மெஷின் இருக்கு."

"பொம்பாவா?" என்றாள் மணியம்மா. "தீயணைக்கிறவங்களா?"

"ஆமா மக்சிக், ஆமா பெரியம்மா. மோதிரம் மாட்டுனா அவங்கதான் வெட்டுவாங்க."

மோகனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"வேணாம் மிஸி. இப்ப வேணாம். அவரு ரோட்டுல இருக்காரு."

"யாரு?"

"என் வூட்டுக்காரரு. லோரி. மல ஏறி வந்துக்கிட்டு இருப்பாரு. அவரு வூட்டுக்கு வந்து சேர்ந்துரட்டும், அப்புறமா வெட்டுங்க. நான் ஒண்ணும் மாட்டேங்கல."

"அக்கா, காய்ச்சல் பாரு எவ்வளவு. பேபி ஹார்ட் கேட்டியா? இது ரத்தத்துக்குப் போனா பேபிக்கும் பஹாயா, ஆபத்து, ஒனக்கும் பஹாயா. வெரல் போயிரும். வெரல் போனா பரவால்ல, பேபி?"

"அவரு மழையில வராரு மிஸி. காலையில செய்தியில சொன்னாங்க, சிம்பாங் பூலாய் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்காம். இந்த நேரத்துல நான் எப்படிக் கழட்டுவேன்? நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்கு வூட்டுக்காரரு இல்லியா?"

நூருல் ஐனுக்குக் கோபம் வந்தது. மணியம்மாவின் பக்கம் திரும்பினாள். "மக்சிக், நீங்க சொல்லுங்கலா."

மணியம்மா விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொல்லுங்க அத்தே" என்றாள் மோகனாவும். "நீங்கதான ஒட்ட வெச்சீங்க. கழட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அவரு வந்துரட்டும்னு சொல்லுங்க."

"இது அப்படி இருக்கக் கூடாது" என்றாள் மணியம்மா, யாருக்கோ சொல்வது போல. "காலு வீங்கும். ஆனா இப்படி இருக்கக் கூடாது. நீ ஏன்டி எங்கிட்ட காட்டல?"

"சொன்னேனே அத்தே."

உண்மையிலேயே சொல்லித்தான் இருந்தாள். திரும்பிப் பார்க்காதது மணியம்மாதான்.

பொம்பா வண்டி வந்தது. அரிஃபின் என்ற இளம் வீரன் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நனைந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தான். பெட்டியில் பென்சில் பருமனுக்கு ஒரு மின்கருவி இருந்தது. அதன் முனையில் காசளவு சக்கரம். மோகனாவின் காலைப் பார்த்துவிட்டு, "மாஃப், கக்" என்று அக்கா முறை வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவருக்கு போன் போடுங்க அத்தே. எங்க இருக்காருன்னு கேளுங்க. கிட்ட வந்துட்டாருன்னா இருந்துரலாம்."

மணியம்மா போனை எடுத்தாள். முதலில் லைன் கிடைக்கவில்லை. மழை நேரத்தில் மலை வளைவுகளில் அப்படித்தான். மறுபடி போட்டாள். மூன்றாம் முறை மணி அடித்தது. சத்தமாக வைத்தாள்.

"மா? மோகனாவுக்கு எப்படி இருக்கு? காலையில கூப்புட்டேன், எடுக்கல."

"கிளினிக்குல இருக்கோம். நீ எங்கடா இருக்க?"

"இப்பத்தான் மேல ஏற ஆரம்பிச்சேன்மா. மண்ணு விழுந்து கெடக்கு, ஒரு பக்கம் மட்டும் தொறந்து விட்டுருக்கான். வரிசையா லோரி நிக்குது. நகந்து நகந்துதான் போவணும்."

"எம்புட்டு நேரமாவும்?"

"தெரியல. சாயங்காலமும் ஆவலாம். ஏம்மா?"

மணியம்மா சொன்னாள். விரலைச் சொன்னாள், காய்ச்சலைச் சொன்னாள், குழந்தையின் இதயம் ஓடுகிற ஓட்டத்தைச் சொன்னாள், பொம்பாக்காரன் கருவியோடு நிற்பதைச் சொன்னாள். மறுமுனையில் லோரியின் கண்ணாடியைத் துடைக்கிற துடைப்பான் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டுமா?" என்றான் புனிதன்.

"ரெண்டும்."

"ஒண்ண மட்டும் வெட்டிட்டு ஒண்ண விட்டு வெக்கலாமே."

"ரெண்டும் வெட்டணுங்கறாங்க."

"மா…" அவன் குரல் சின்னதாகிவிட்டது. "நான் மேல வந்துரேன்மா. வூட்டுக்கு வந்துரேன், அப்புறம் வெட்டட்டும். நேத்துக்கூட அந்த வளைவுல ஒரு லோரி சாஞ்சிருக்கு. கண்ணால பாத்துட்டுத்தான் எறங்குனேன். கொஞ்ச நேரம்தான. அவளப் பொறுத்துக்கச் சொல்லுமா."

எதற்கும் சிரிப்பவன் சொன்ன வார்த்தை அது. மோகனா கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்காகத்தான் அதுவரை பிடிவாதம் பிடித்தாள்; அவன் மட்டும் வேறு மாதிரி சொல்லுவான் என்று நினைத்திருந்தாள். வெட்டித் தொலைடி, எனக்கு ஒண்ணும் ஆவாது என்று கத்துவான் என்று நினைத்திருந்தாள். அவள் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். அவளுக்குப் புருஷன்மேல் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. கோபத்தோடு பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளை அழ வைத்தன.

பாவாடைக்குள் இருந்த காலை வெளியே எடுத்துக் கட்டிலில் நீட்டினாள்.

"வெட்டச் சொல்லுங்க அத்தே" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். "ஆனா எனக்குப் பயமா இருக்கு. அவருக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான்தான்னு சொல்லுவாங்க. நான்தான்னு நானே சொல்லுவேன்."

மணியம்மா போனை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள்.

"டேய் புனிதா. லோரிய ஓரங்கட்டு."

"என்னாமா?"

"ஓரமாப் போட்டு எஞ்சின ஆஃப் பண்ணு. எறங்கு. ரோட்ட விட்டுத் தள்ளி, மண்ணு விழாத எடமாப் பாத்து நில்லு. இங்க வெட்டி முடிக்கிற வரைக்கும் நகரக் கூடாது."

"பின்னால லோரிங்க நிக்குதும்மா. ஹாரன் அடிப்பானுங்க."

"அடிக்கட்டும். ஒம் பொண்டாட்டி ரோட்டுல இருக்கற ஆளுக்குத்தான பயப்படறா. நீ ரோட்டுல இருக்காத. எறங்குடா."

எஞ்சின் நின்றது. கதவு சாத்துகிற சத்தம் வந்தது. மழை போனில் ஓவென்று விழுந்தது. தூரத்தில் ஹாரன்கள் அலறின.

"நிக்கறேன்மா" என்றான் புனிதன்.

நூருல் ஐனுக்குப் பாதி புரிந்து பாதி புரியவில்லை. புரிந்த பாதி அவளுக்குப் போதுமாக இருந்தது. அரிஃபினுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, மெல்லிய தகடு ஒன்றை மெட்டிக்கும் சதைக்கும் நடுவே செலுத்தப் பார்த்தான். மோகனா துடித்து உதைத்தாள். யாராவது காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மணியம்மா அதுவரை சுவரோரம்தான் நின்றாள். புருஷனை இழந்தவள் என்று மருமகளின் குங்குமத்தையோ பூவையோ மெட்டியையோ அவள் கையால் தொட்டதில்லை. ஈப்போவில்கூட பத்தர்தான் போட்டுவிட்டார். இப்போது போனைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, அந்தச் சீழ் வடிகிற பாதத்தை இரண்டு கையாலும் மடியில் ஏந்திக்கொண்டாள்.

"பிடிச்சிக்கிட்டேன். வெட்டுய்யா" என்றாள்.

சக்கரம் சுழன்றது. சூடு ஏறாமல் இருக்க நூருல் ஐன் ஊசிக்குழலால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். "தாஹான், கக், தாஹான்" என்று பொறுக்கச் சொல்லிக்கொண்டே அரிஃபின் வெட்டினான். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றாக அறுக்க வேண்டியிருந்தது. மோகனா கத்தியது வெளியே ஹைலக்ஸில் உட்கார்ந்திருந்த குணாளனுக்குக் கேட்டது. மலையடியில் மழையில் நின்றிருந்தவனுக்கும் கேட்டது. "மா, மா" என்று போனில் அவன் கூப்பிட்டான். வலது கால் முடிந்து இடது காலுக்கு வந்தபோது மோகனாவிடம் கத்துவதற்குச் சத்தம் இல்லை.

கடைசித் துண்டு தட்டில் விழுந்தது. நூருல் ஐன் புண்ணைக் கழுவத் தொடங்கினாள். மணியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சுடா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீ நேரா அங்க வந்துரு."

போனில் மழையும் ஹாரனும்தான்.

"புனிதா?"

"மா… இப்ப நான் எப்படிமா லோரிய எடுப்பேன்?" அவன் அழுவது தெரிந்தது. "நீ கோவிச்சுக்காத. அப்பா செத்தப்போ லயத்துல பேசிக்கிட்டாங்கம்மா. டிராக்டரு கவுந்த அன்னைக்கு நீ மெட்டியக் கழட்டி வெச்சிருந்தியாம். பூட்ஸுக்குள்ள கடிக்குதுன்னு கழட்டி வெச்சியாம். ஸ்கூல்ல பசங்க எங்கிட்டயே சொன்னானுங்க. நான் ஒங்கிட்ட கேட்டதே இல்ல."

மோகனா முகத்திலிருந்து கையை எடுத்தாள். மணியம்மா போனைக் காதிலிருந்து இறக்கி அதையே பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது கோபமில்லை. இத்தனை வருஷமும் சோறு போட்ட பிள்ளை எதை மென்றுகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"இம்புட்டு நாளா இத நம்பிக்கிட்டா இருந்த?"

போனில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எனக்கும் தெரியும்டா பேசுனது. யாரு வாய நான் மூட முடியும்? அதான் இவளுக்கு வாய மூடிச் செஞ்சு போட்டேன். நாளைக்கி ஒண்ணுன்னா இவளையும் சொல்லிறக் கூடாதேன்னு ஒட்ட வெச்சேன். இவ காலத் தின்னுருச்சு." மூச்சு வாங்கினாள். "கேளுடா. ஒங்கப்பாவக் கொண்டாந்து போட்டப்போ ரெண்டும் எங்கால்ல இருந்துச்சு. ஒரு நாளு கழட்டுனதில்ல. கழட்டறதுக்கு நாலு பேரு பிடிச்சு இழுத்தாங்க. வரல. அன்னைக்கும் வெட்டித்தான் எடுத்தாங்க."

மலையடியில் ஹாரன்கள் ஓயவில்லை.

"லோரிய எடு. மெதுவா வா."

போனில் முதலில் கதவுச் சத்தம் வந்தது. நீண்ட நேரம் கழித்து எஞ்சின் சத்தம். வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மோகனாவைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மணியம்மாவும் கூடவே ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் மருமகளின் வயிற்றைத் தொட்டிருந்தாள். மறுகையிலிருந்த போனை அவள் அணைக்கவில்லை. அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, லோரி மேலே ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனாள்.